துளசிமணி அக்காவின் வீட்டுக்காரர்

இந்தப் பையை மடியில வெச்சுக்கறேனுங்க, உங்களுக்கு எடஞ்சலா இல்லையே? தாம்பூலப் பை. கீழ வெச்சா தேங்காய் உருண்டு டிரைவர் காலடிக்குப் போயிருது. நீங்க ஈரோடு வரைக்குமுங்களா? காங்கயமா? சரி சரி, அப்ப நெறைய நேரம் இருக்குது. தூங்கறவரா இருந்தாச் சொல்லிப்போடுங்க, வாயை மூடிக்கறேன். மூடிக்கறேன்னு சொல்றேன், மூடுவனாங்கறது வேற விசயம்.

அதா பாருங்க, முன்னால பொம்பளைங்க சீட்டுல, பச்சைப் பட்டு, குனிஞ்ச தலை நிமிராம போனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்குதே, அதுதானுங்க நம்ம ஊட்டுக்காரம்மா. துளசிமணி. பஸ் ஏறுனதும், "நான் முன்னால உக்காந்துக்கறேன், நீங்க பின்னால போங்க"ன்னு அனுப்பிப்போட்டா. திண்டுக்கல்லுல ஏறுனதுலேர்ந்து ஒருக்காக்கூடத் திரும்பிப் பார்க்கலை. கோவமா இருக்காளா இல்லையான்னு ஒருத்தரோட பின்மண்டையைப் பார்த்து எப்படிங்க கண்டுபுடிக்கறது? நானும் ஒட்டன்சத்திரம் வரைக்கும் பார்த்துப்போட்டேன். கொண்டைப்பூதான் தெரியுது.

ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றோமுங்க. யாரு கல்யாணம்னு கேட்டா என்னத்தச் சொல்றது! சொந்தமில்லை, ஊருக்காரங்க இல்லை. பொண்ணோட அம்மா ஜெயக்கொடியை இன்னைக்குக் காலையிலதான் மொதமொதலா நேர்ல பார்க்கறேன். ஆனா அந்தம்மாவுக்கு எந்தப் பக்கத்துக் கடவாப்பல்லைப் புடுங்குனாங்கன்னு எனக்குத் தெரியும். இதே பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை ஊட்டுல சரின்னு சொல்லிப்போட்டு அப்பறம் பின்வாங்குனாங்களே, அப்ப நானும் சோறு உங்காம கெடந்தவன். அது எப்படின்னு கேக்கறீங்களா? அதைத்தானுங்க சொல்ல வர்றேன்.

நான் தாலூகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. பேரு சென்னியப்பன். ஆபீஸ்ல இருந்த வரைக்கும் காலையில போனா, "சார், சார்"னு பின்னாலயே நாலு பேரு வருவாங்க. ரிட்டயர் ஆனப்பறம் பார்த்தா, அந்த நாலு பேரும் எனக்காக வரலை, என் கையெழுத்துக்காக வந்திருக்கறாங்க. ஊட்டுல நான் பேசறதுக்கு ஆளு வேணுமே? துளசிமணி அடுப்படியில இருப்பா. "அதுக்கென்ன இப்ப?"ம்பா. நான் என்ன பேசுனாலும் அந்த ஒரே பதில்தான். நாட்டு நடப்பைச் சொன்னாலும் அதுக்கென்ன இப்ப, முதுகு வலிக்குதுன்னாலும் அதுக்கென்ன இப்ப.

அப்பத்தானுங்க ஓசூர்ல இருக்கற எங்க மக, அவ அம்மாளுக்கு ஒரு போனை வாங்கிக் குடுத்து, "மருதாணி"ன்னு ஒரு குரூப்புல சேர்த்துவிட்டா. முழுக்கப் பொம்பளைங்க குரூப்பு. தூத்துக்குடியில ஒருத்தி, ஆரணியில ஒருத்தி, துபாய்ல ஒருத்தின்னு தமிழ்நாடே அங்கதான் இருக்குது. சமையல் குறிப்புக்குன்னு ஆரம்பிச்ச குரூப்பாமா. நான் பார்த்த வரைக்கும் அதுல ஒருத்தியும் ஒரு ரசம்கூட வெக்கலை. எல்லாம் ஊட்டுச் சேதிதான். யாரு மருமக முழுகாம இருக்கறா, யாரு மாமியாருக்குக் கண்ணு ஆப்ரேசன், யாரு பையன் கணக்குப் பரிச்சையில போயிட்டான். காலையில அவங்கவங்க வாசல்ல போட்ட கோலத்தைப் போட்டோ புடிச்சுப் போடோணும், அதுதான் ஆஜர் பட்டியல் மாதிரி. கோலம் வரலைன்னா, "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுப்போடுவாங்க. ஆம்பளைங்க சேரக்கூடாதுங்கறது அங்க மொதல் விதி. அட்மின் இந்த ஜெயக்கொடி அம்மாதான்.

நம்மாளுக்குப் போனுல தமிழ் அடிக்க வராது. 'க'வைத் தேடி எடுக்கறதுக்குள்ள பால் பொங்கிரும். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணுனவனுங்க. "நீங்க அடிங்க, நான் சொல்றேன்"னா. அடிச்சேன். தப்புங்களா இது? ஊட்டுக்காரிக்கு ஒத்தாசை பண்ணுனேன், அம்புட்டுத்தான்.

அவ சொல்லுவா, "ஜெயக்கொடி ஊட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தாங்களான்னு கேளுங்க"ன்னு. நான் அடிப்பேன்: "தங்கள் மகளைப் பெண் பார்க்க வருவதாகத் தெரிவித்திருந்த மேற்படி மாப்பிள்ளை வீட்டார் வந்து சென்றனரா என்ற விவரம் அறிய ஆவல்." உடனே அந்தப் பக்கத்துலேர்ந்து கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கற பொம்மையா வந்து விழும். நான் என்ன நெனச்சேன்னா, நம்ம தமிழை ரசிக்கறாங்கன்னு நெனச்சேன். அடுத்த நாள் இன்னும் ரெண்டு 'மேற்படி' சேர்த்துப் போட்டேன்.

போகப்போக அவ சொல்றது கொறஞ்சுது, நான் அடிக்கறது கூடிப் போச்சு. அவ துணி துவைக்கப் போயிருவா, நான் துளசிமணியா உக்காந்திருப்பேன். அவளுக்கு ஒருக்காக் காய்ச்சல் வந்து படுத்துக்கிட்டா. கோலம் போகலைன்னா ஆஜர் போயிருமே! நானே வாசல்ல உக்காந்து புள்ளி வெச்சு இழுத்துப்போட்டேன். அன்னைக்கும் அதே சிரிப்புப் பொம்மைங்க. "அக்கா, கோலம் ரொம்பப் புதுமாதிரியா இருக்கு"ன்னாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

சிரிப்பு மட்டும் இல்லீங்க. நாகர்கோயில்ல மெர்லின்னு ஒரு புள்ள. அவ பையன் ஜோயல், சின்னக் கொழந்தை, கடலை உருண்டையைத் தின்னுபோட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. அங்கிருந்தே அந்தப் புள்ள குரூப்புல எழுதுது, "எல்லாரும் ஜெபம் பண்ணுங்க"ன்னு. கொழந்தை கண்ணு முழிச்சிருச்சுன்னு சேதி வர்ற வரைக்கும் நான் போனைக் கீழ வெக்கலை. அப்பறம் எதுலயெல்லாம் நிலக்கடலை கலப்பாங்கன்னு தேடிப் புடிச்சு, "மேற்படி குழந்தைக்கு அறவே தவிர்க்க வேண்டியவை"ன்னு அடிச்சு அனுப்புனேன். அந்தப் புள்ள, "அக்கா, நீங்க என் சொந்த அக்கா மாதிரி"ன்னு எழுதுச்சு. நான் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். அக்கா மாதிரின்னு என்னைய அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க.

இங்கதான் நான் கொஞ்சம் கையை நீட்டிப்போட்டேன். பாருங்க, அந்தக் குரூப்புல எல்லாரும் அவங்கவங்க புருசனைத் திட்டி எழுதுவாங்க. லுங்கியைத் தூக்கிச் சோபாவுல போடறாரு, உப்பு இல்லைன்னு மொகத்தைத் தூக்கறாருன்னு ஒரே புகார்ப் பெட்டி. எங்க ஊட்டுச் சேதி மட்டும் ஒண்ணும் போகலைன்னா நல்லா இருக்குமா? அதனால நானும் துளசிமணி பேர்ல, "என்னவர் இன்று தாமே காப்பி தயாரித்து வழங்கினார்"னு போட்டேன். ஒரு நாளு போட்டேன்னா, அடுத்த நாளு வேற ஒண்ணு போடோணுமில்லீங்க? "என்னவர் வெங்காயம் நறுக்கித் தந்தார்." "என்னவரின் பொறுமை கடலினும் பெரிது." "எனக்குக் கால் வலி என்றதும் என்னவர் அமுக்கிவிட்டார்." கேக்கறதுக்கு எனக்கே என் மேல பிரியம் வந்துருச்சு.

ஒரு நாளு ஜெயக்கொடி அம்மா நேராப் போன் பண்ணிப்போட்டாங்க. துளசிமணி அதைச் சத்தமா வர்ற மாதிரி வெச்சுக்கிட்டு மாவு அரைச்சுக்கிட்டிருக்கா. "அக்கா, நீங்க குடுத்து வச்சவுக! அண்ணே தெனமும் ஒங்களுக்குக் காலு அமுக்கி விடுறாகளாமே! எங்க வீட்டு மனுசனுக்கு என் காலு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது!"ன்னாங்க.

துளசிமணி கிரைண்டரை நிறுத்தீட்டு என்னையப் பார்த்தா. அப்பறம் அவ காலைப் பார்த்தா. மறுபடியும் என்னையப் பார்த்தா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்குப் போனைக் கையில எடுத்தவதான். மைக் படத்தைத் தொட்டுப் பேசுனா அதுவே அடிச்சுக்குமாமா, மக சொல்லிக் குடுத்துட்டா. ஹையர் பாஸ் பண்ணி என்ன புண்ணியம்? ரெண்டு நாள் கழிச்சு அவளே படிச்சுக் காட்டறா: "அக்கா, இப்பத்தான் நீங்க பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு!" எனக்கு நெஞ்சுக்குள்ள சுருக்குன்னுச்சு. அக்காங்கற அந்தப் பேரை நாந்தானுங்க சம்பாரிச்சுக் குடுத்தேன்! ரோசத்துல, "இனி அந்தப் போனை நான் கையால தொடமாட்டேன்"னு சபதம் போட்டேன். "சரி"ன்னா. 'அதுக்கென்ன இப்ப'கூட இல்லை. வெறும் சரி.

அதுக்கப்பறம் எப்படி இருந்தேன்னு கேட்டா, எனக்கே சொல்ல வெக்கமா இருக்குதுங்க. ஜன்னலோரம் சேரைப் போட்டு உக்காந்துக்குவேன். அவ போனைப் பார்த்துச் சிரிப்பா. எதுக்குச் சிரிக்கறான்னு தெரியாது. மெர்லின் மாமியாளுக்குக் கண்ணு கட்டு பிரிச்சாங்களா, ஜெயக்கொடி பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை அமைஞ்சுதா, ஒண்ணும் தெரியாது. வாய்விட்டுக் கேட்டா சபதம் என்னாகறது? சுத்தி வளைச்சுக் கேப்பேன், "திண்டுக்கல் பக்கமெல்லாம் மழையாமா?"ன்னு. "தெரியலையே"ன்னுபோட்டு உள்ள போயிருவா. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம வாடிப் போயிட்டேனுங்க, அதுதான் நெசம். அத்தனை பேருக்கு நடுவுல இருந்துபோட்டு, ஒருத்தருக்கும் நான் இருந்ததே தெரியாம வெளிய வந்துட்டேன்.

போன வாரம் பத்திரிகை வந்துச்சு. ஜெயக்கொடி பொண்ணுக்குக் கல்யாணம், குரூப்பே திண்டுக்கல்லுக்கு வருதுன்னு துளசிமணி சொன்னா. எனக்கு உள்ளுக்குள்ள குதியாளம். வெளிய, "போகோணுமா?"ன்னேன். துளசிமணி என் பக்கத்துல வந்து உக்காந்தா. "வாங்க. ஆனா அங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. உங்களுக்கு யாரையும் தெரியாது. பொம்பளைங்க குரூப்புல ஒரு ஆம்பளை இத்தனை வருசமா உக்காந்து எல்லாத்தையும் படிச்சான்னு தெரிஞ்சா என்னையச் சேர்த்து வெளிய தள்ளிருவாங்க. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்"னா. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாங்கறா, நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன்! ஆனா அவ கண்ணுல தண்ணி நின்னுச்சுங்க. சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

மண்டபத்துல புருசமாருங்க எல்லாம் ஒரு வரிசை. மடியில ஆளுக்கொரு கைப்பை. மனு குடுக்க வந்தவங்க மாதிரி உக்காந்திருந்தோம். முன்னால ஒவ்வொருத்தியா வர்றா, கட்டிப் புடிச்சுக்கறாங்க, அழுகறாங்க, சிரிக்கறாங்க. எனக்கு எல்லாத்தையும் தெரியுது! அதோ துபாய் லீவுல வந்தவ, அதோ ஆரணிக்காரி, பையன் கணக்குல போனவ. நாக்கு துடிக்குது. ஜெயக்கொடி அம்மா நேரா வந்து, "வாங்கண்ணே"ன்னு கும்பிடறாங்க. நான் வாயைத் தொறந்து, "உங்க பல்லு..."ன்னுபோட்டேன். துளசிமணி முழிச்ச முழியில, "...பல்லாண்டு வாழ்க"ன்னு முடிச்சேன். அந்தம்மா ஒரு தினுசாச் சிரிச்சுட்டுப் போனாங்க.

பந்தியில உக்காந்தேன். இட்டிலிக்குச் சட்னி ஊத்துனாங்க. வாயில வெச்சேன், நிலக்கடலைச் சட்னி, ரொம்பப் பிரமாதம். அப்படியே எதுத்தாப்புல பார்க்கறேன். மாப்பிள்ளை ஊட்டுப் பெரியம்மா ஒருத்தங்க ஒரு சின்னப் பையனை மடியில வெச்சுக்கிட்டு இட்டிலியைப் பிச்சு அதே சட்னியில தொடறாங்க. பையன் மூஞ்சியைப் பார்க்கறேன். ஜோயல்! குரூப்புல எத்தனை பொறந்த நாள் போட்டோ பார்த்திருப்பேன்! மெர்லின் அங்க எங்கயும் காணோம்.

சத்தியமாவது ஒண்ணாவது! எந்திரிச்சு நின்னுபோட்டுக் கத்துனேன்: "அம்மா, நிறுத்துங்க! அந்தக் கொழந்தைக்கு நிலக்கடலை ஆகாது! ஜோயலுக்குக் குடுக்காதீங்க!" இலை சாய்ஞ்சு சாம்பார் என் வேட்டியில. அந்தம்மா பயந்து கையை உதறிட்டாங்க. மெர்லின் கை கழுவுற பக்கத்துலேர்ந்து ஓடி வந்து பையனைத் தூக்கிக்கிட்டு, "வாயில வச்சானா? வச்சானா?"ன்னு கேட்டுக்கிட்டே வாயைத் தொறந்து பார்க்குது. வெக்கலைங்க. ஒரு பருக்கை வெக்கலை.

அப்பறம்தான் எல்லாரும் என்னையப் பார்க்கறாங்க. முன்னப்பின்ன பார்க்காத ஆளுக்கு இந்தக் கொழந்தை பேரு எப்படித் தெரியும், ஆகாதது எப்படித் தெரியும்? நான் துளசிமணியைப் பார்த்தேன். கையில பாயச வாளியோட செலையா நிக்கறா. தொலைஞ்சுது, அவளுக்கு இருந்த ஒண்ணையும் நாம தொலைச்சுப்போட்டோம்னு நெனச்சேனுங்க.

மெர்லின் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அண்ணே, நீங்கதானே அந்த 'மேற்படி' அக்கா?"ன்னுச்சு.

ஜெயக்கொடி அம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சொல்றாங்க: "உக்காந்து சாப்பிடுங்கண்ணே. எங்களுக்கு மொதல்லயே தெரியும். எந்த ஊருலண்ணே ஒரு பொம்பளை புருசனைத் தெனமும் புகழ்ந்து எழுதுவா? வாரத்துக்கு ஒருக்கா வஞ்சாவது எழுத மாட்டாளா? அந்தக் கோலத்தைப் பாத்தப்ப சந்தேகமே போயிருச்சு. காலு அமுக்குறதைக் கேக்கத்தான் வேணும்னே போன் போட்டேன்."

பந்தியே சிரிக்குதுங்க. "அப்ப விதி?"ன்னேன், தாலூகா ஆபீஸ் புத்தி போகுமா? "விதியெல்லாம் வெளி ஆம்பளைங்களுக்குத்தாண்ணே"ன்னாங்க.

அதோட விட்டாங்களா? பாயசம் ஊத்த வந்த பையனை ஆரணிக்காரி தடுக்கறா: "அந்த அண்ணனுக்கு ஊத்தாதப்பா, சக்கரை இருக்கு." துபாய்க்காரி, "பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வச்ச மிக்சர் டப்பாவைச் சொல்லு"ங்கறா. இன்னொருத்தி, "மழை பெஞ்சுதான்னு கேப்பாரே, அவருதானே?"ங்கறா. எனக்குத் தலை சுத்திப் போச்சு. நான் வெளிய வந்ததுலேர்ந்து இவ என்னையத்தான் தெனமும் எழுதியிருக்கறாளுங்க! என் சக்கரை, என் மிக்சர், என் ரோசம், எல்லாம் துபாய் வரைக்கும் போயிருக்குது. நான் என்னமோ அந்தக் குரூப்பையே நடத்துனவன்னு நெனச்சுக்கிட்டிருந்தா, அங்க நாந்தான் அன்னாடச் சேதி.

அப்பத்துலேர்ந்து துளசிமணி என்கிட்ட ஒண்ணும் பேசலைங்க. அவ சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, மொகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரியும் இருந்துச்சு. இத்தனை பேரு முன்னால மானம் போச்சேன்னு நெனைக்கறாளா? பஸ் ஏறுனதும் பின்னால அனுப்பிப்போட்டா. மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க. அதுதான் உங்களைப் போட்டு இந்த அறுவை அறுக்கறேன்.

இதென்ன, தாராபுரம் வந்துருச்சா? டிரைவர் டீ குடிக்க எறங்கறாரு. அட, என்ன அது, கைமாத்திக் கைமாத்தி ஏதோ வருது... போனுங்க. அவ போனு! "கண்ணு எரியுதாமா, மிச்சத்தை நீங்களே அடிக்கச் சொன்னாங்க"ங்கறாரு முன் சீட்டுக்காரரு. நானா? நான் தொடமாட்டேன்னு சபதம்... சரி, குடுங்க. இவ்வளவு பேரு கை மாறி வந்ததைத் திருப்பியா அனுப்பறது. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

இவ என்னமோ எழுதி வெச்சிருக்கா. படிக்கட்டுமா? "எங்க ஊட்டுக்காரர் பின் சீட்டுல ஒரு மனுசனைப் புடிச்சு வெச்சுப் பேசிக்கிட்டு வர்றாரு. ஒட்டன்சத்திரத்துல ஆரம்பிச்சவரு இன்னும் நிறுத்தலை. பாவம் அந்த மனுசன்." உங்களையத்தானுங்க. கீழ பூரா சிரிப்புப் பொம்மை.

அதுக்கு ஜெயக்கொடி அம்மா, "அண்ணனை முன்னாடி கூப்பிட்டு உக்கார வைக்க வேண்டியதுதானே, இன்னும் கோவமா?"ன்னு கேட்டிருக்கறாங்க.

அதுக்கு இவ... இருங்க. கண்ணாடி மசமசங்குது.

"கோவமெல்லாம் இல்லை. ரிட்டயர் ஆனப்பறம் மனுசன் இவ்வளவு பேசி இன்னைக்குத்தான் கேக்கறேன். நான் திரும்பிப் பார்த்தா நிறுத்திப்போடுவாரு. அதுதான் திரும்பாம உக்காந்திருக்கேன்."

...

ஒண்ணுமில்லீங்க. ஜன்னல்ல தூசி.

இதுக்கு நான் என்னங்க அடிக்கறது? 'மேற்படி'யெல்லாம் இதுக்கு ஆகாது. இருங்க, அதுக்குக் கீழ மெர்லின் வேற ஏதோ கேட்டிருக்குது. ரெண்டு மூணு பேரு அதையே கேக்கறாங்க.

உங்க பேரு என்னங்க? எந்த ஊரு, எத்தனை கொழந்தைங்க? சும்மா சொல்லுங்க. குரூப்புல கேக்கறாங்க.